மண் வயனமும் ரகமும்

எங்கள் தகப்பனார் காலமான மறு வருஷம், அண்ணனும் நானும் நிலத்தைப் பாகம் செய்துகொள்ள உட்கார்ந்தோம். பாகம் செய்வதற்கு ஜமீன் ஒன்றும் இல்லை. கோவில்பட்டிக்குக் கிழக்கே எங்கள் ஊர். ஊருக்கு மேற்கில் கரிசல் நாலு ஏக்கர். கிழக்கில் சாலையை ஒட்டிச் செவல் இரண்டு ஏக்கர், அதில் ஒரு கிணறு. அவ்வளவுதான் சொத்து. ஆனால் இரண்டு பேர் சண்டை போட்டுக்கொள்வதற்கு ஆறு ஏக்கர் தாராளமாகப் போதும் என்பது கிராமத்தில் பிறந்தவர்களுக்குத் தெரியும்.

அண்ணன் ஊரிலேயே இருந்து விவசாயம் செய்கிறவர். நான் இன்டர்மீடியட் வரை எட்டிப் பார்த்துவிட்டுக் கதை எழுதப் போய்விட்டவன். "நீ எதை வேணும்னாலும் எடுத்துக்கோடா" என்றார் அண்ணன். இந்த வார்த்தைதான் ஆபத்தானது. எதை எடுத்தாலும், எடுக்காததுதான் நல்லது என்று பிற்பாடு தோன்றும். என் தகப்பனார் தலைமுறையில் கேட்டிருந்தால் கண்ணை மூடிக்கொண்டு கரிசல் என்றிருப்பார்கள். இப்போது சாலையோரச் செவல் காட்டுக்கு வீட்டு மனை விலை. கரிசலில் வீடு கட்டினால் சுவர் வெடிக்கும் என்று வாங்க வருகிறவர்கள் யோசிக்கிறார்கள். எது பெரிய பாகம், எது சிறிய பாகம்?

இந்தக் குழப்பத்தில்தான் நான் 'அ' பதிவேட்டின் நகல் ஒன்றை வாங்கிப் பார்த்தேன். கிராமத்திலுள்ள ஒவ்வொரு சர்வே எண்ணுக்கும் ஒரு வரி எழுதியிருக்கும் பதிவேடு அது. அதில் ஒரு கலத்துக்குத் தலைப்பு: 'மண் வயனமும் ரகமும்'. தலைப்பு எனக்கு ரொம்பப் பிடித்தது. ஒரு நாவலுக்கே வைக்கலாம். அதன் கீழே நடுவில் சிறு கோடு போட்ட இரண்டு எண்கள். கரிசலுக்கு ஒரு ஜோடி, செவலுக்கு ஒரு ஜோடி. அதற்கு என்ன அர்த்தம் என்று நகல் கொடுத்த அலுவலகத்தில் கேட்டேன். "அது அப்படித்தான் போடுறது சார். வெள்ளைக்காரன் காலத்துலேருந்து வருது" என்றார் அங்கிருந்தவர். அவர் பொய் சொல்லவில்லை. உண்மையிலேயே அது வெள்ளைக்காரன் காலத்திலிருந்துதான் வருகிறது. அந்த இரண்டு எண்களைப் பிடித்துக்கொண்டு போனதில், எங்கள் மேற்குக் காட்டு மண்ணுக்கு இதுவரை எத்தனை பேர் எத்தனை பெயர் வைத்திருக்கிறார்கள், எதற்காக வைத்தார்கள் என்ற பெரிய கதையில் போய் விழுந்தேன்.

கரிசலைப் பார்த்திராதவர்களுக்கு முதலில் அதைச் சொல்லிவிட வேண்டும். கோடையில் போய்ப் பார்த்தால் அது கறுப்புக்கூட இல்லை. சாம்பல் பூத்த கறுப்பு. தரை பாளம் பாளமாக வெடித்திருக்கும். கைத்தடியை வெடிப்பில் விட்டால் பிடி மட்டும் வெளியே நிற்கும். ஆட்டுக்குட்டி கால் மாட்டிக்கொண்டு கத்துவதைச் சின்ன வயதில் பார்த்திருக்கிறேன். மேலே பொலபொலவென்று பொருக்கு. அதற்குக் கீழே கடப்பாறைக்கும் மசியாத இறுக்கம். ஐப்பசி மழை பிடித்ததும் எல்லாம் மாறிவிடும். முதல் மழை முழுவதையும் வெடிப்பு வாயைத் திறந்து குடிக்கும். அப்புறம் மண் ஊதி, வெடிப்பு மூடிக்கொள்ளும். பிறகு பெய்கிற மழை உள்ளே இறங்காது. மேலே நிற்கும், அல்லது ஓடைக்கு ஓடும். அந்த நாட்களில் காட்டுக்குள் நடந்தால் ஒவ்வொரு காலிலும் ஒரு படி மண் ஒட்டிக்கொண்டு வரும். வண்டி போகாது, மாடு போகாது, கலப்பை போகாது. ஈரம் காய்ந்து இறுகுவதற்கும் சேறு தெளிவதற்கும் நடுவில் சில நாட்கள் மட்டும் உழவுக்குப் பதம் இருக்கும். அந்த நாட்களைத் தவற விட்டவன் அந்த வருஷத்தையே தவற விட்டவன்.

மரம் அதிகம் இருக்காது. வேலமரமும் உடைமரமும் ஓடைக்கரையில் நிற்கும். நடுக்காட்டில் நிழல் கிடையாது. மண் சுருங்கும்போதும் உப்பும்போதும் மரத்தின் வேரைப் பிய்த்துவிடுகிறது என்று காரணம் சொல்கிறார்கள். புல்லுக்கு அந்தக் கஷ்டம் இல்லை. மனிதன் ஏர் பூட்டுவதற்கு முன்னால் இந்த வகை நிலங்களெல்லாம் பெரும்பாலும் புல்வெளியாகவும், புல்லுக்கு நடுவே முள்மரம் நிற்கும் வெளியாகவும் இருந்தவை. எங்கள் ஊரில் அதற்குச் சாட்சியாக மிஞ்சியிருப்பது அறுகு ஒன்றுதான். அதைக் கரிசலிலிருந்து வெட்டி எடுத்தவனிடம் கேட்டால் புல்வெளி எவ்வளவு பிடிவாதமானது என்று சொல்லுவான்.

இந்த மண்ணுக்கு ஆங்கிலத்தில் முதலில் ஏறிய பெயர் 'ரெகூர்'. நிலப்படப் புத்தகங்களில் நாம் எல்லோரும் படித்ததுதான். இது தெலுங்கின் 'ரேகடி' என்ற சொல் வெள்ளைக்காரர் வாயில் தேய்ந்து வந்தது. எங்கள் பக்கத்தவருக்கு இதில் ஆச்சரியம் இல்லை. வீட்டில் தெலுங்கு பேசிக் காட்டில் தமிழ் பேசுகிறவர்கள் கரிசல் பூமியில் நிறையப் பேர். விஜயநகர காலத்திலும் அதன் பின் நாயக்கர் காலத்திலும் வடக்கேயிருந்து வந்தவர்கள் திருநெல்வேலிச் சீமையில் அதிகமாகக் குடியேறியது இந்த வறண்ட கறுப்பு நிலத்தில்தான். தாமிரவருணிக் கரை முன்பே பிறர் கையில் இருந்தது. கரிசலில் இடம் இருந்தது. அதுவுமன்றி, வந்தவர்களுக்கு அந்த மண் பழக்கமான மண். ஊரை விட்டு வந்தாலும் மண்ணை விட்டு வராதவர்கள் என்று அவர்களைச் சொல்லலாம்.

கம்பெனியார் காலத்தில் சென்னைப் படையில் நியூபோல்ட் என்றொரு அதிகாரி இருந்தார். பட்டாளத்து வேலையைவிடக் கல்லையும் மண்ணையும் பார்ப்பதில் அவருக்கு ஆசை அதிகம். இந்த ரெகூர் எப்படி உண்டாயிற்று என்று 1830களின் பிற்பகுதியிலிருந்து எழுதத் தொடங்கினார். நீரில் படிந்த வண்டல் இது என்பது அவர் கட்சி. தக்காணத்து எரிமலைக் குழம்பு உறைந்த பாறை மக்கிக் கறுப்பு மண்ணாயிற்று என்பது இன்னொரு கட்சி. காடு அழிந்து மக்கிய கறுப்பு என்று வேறொரு கட்சியும் உண்டு. எரிமலைக் கட்சிதான் பள்ளிக்கூடப் புத்தகத்தில் ஜெயித்தது. ஆனால் அது எங்கள் ஊருக்குப் பொருந்தாது. தக்காண எரிமலைப் பாறை திருநெல்வேலிச் சீமைக்கு வரவே இல்லை. மதுரை, திருநெல்வேலி ஜில்லாக்களின் பாறைகளை ஆராய்ந்து 1883-இல் நூலாக வெளியிட்டவர் புரூஸ் ஃபூட். பல்லாவரத்தில் 1863-இல் பழைய கற்காலக் கோடரியைக் கண்டெடுத்தாரே, அவரேதான். இங்கே கரிசலுக்கு அடியில் கிடப்பது பழமையான நைஸ் பாறை. அதே பாறையின் மேல், ஓரிடத்தில் செவல், கூப்பிடு தூரத்தில் கரிசல். மேட்டில் தண்ணீர் வடிந்து சுண்ணாம்புச் சத்தைக் கழுவிக்கொண்டு போனால் செவலாகிறது. வடியாமல் தங்கும் தாழ்வில், சுண்ணாம்பும் மக்னீசியமும் சேர்ந்து கிடக்க, ஈரமும் வறட்சியும் மாறி மாறி வந்தால் கரிசலாகிறது. இன்றைக்கு இப்படித்தான் விளக்குகிறார்கள். தகப்பன் ஒருவன், வளர்ந்த இடத்தால் பிள்ளைகள் இரண்டு விதம். பாகப் பிரிவினைக்கு உட்கார்ந்திருந்த எனக்கு இதைப் படித்தபோது சிரிப்பு வந்தது.

பாறை ஆராய்ச்சிக்காரர்கள் இப்படி வாதாடிக்கொண்டிருந்தபோது, சர்க்கார் சும்மா இருக்கவில்லை. அதற்கு மண் எப்படி உண்டாயிற்று என்பதில் அக்கறை இல்லை. மண்ணிலிருந்து என்ன உண்டாகும் என்பதிலேதான் அக்கறை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் சென்னை ராஜதானி முழுவதும் ஜில்லா ஜில்லாவாக நிலத்தை அளந்து, தரம் பிரித்து, தீர்வை கட்டினார்கள். செட்டில்மெண்ட் என்று பெயர். மண்ணை முதலில் இனம் பிரிப்பார்கள்: ஆற்று வண்டல் முதலிய விசேஷ மண், கரிசல், செவல், மணல் என்று. அப்புறம் ஒவ்வொன்றிலும் களி எவ்வளவு, மணல் எவ்வளவு என்று பார்த்து வகுப்பு. அதற்கப்புறம் நல்லது, நடுத்தரம், மோசம் என்று ரகம். இதுதான் அந்த இரண்டு எண்கள். கோட்டுக்கு முன்னால் இருப்பது வயனம், பின்னால் இருப்பது ரகம்.

எண் போட்டதோடு முடிந்ததா? புஞ்சையில் பருத்தி விளைந்தாலும் கணக்கு தானியத்தில்தான். இந்த வகுப்பில் இந்த ரகத்து நிலம் ஏக்கருக்கு இத்தனை படி கம்போ சோளமோ தரும். அதற்கு இன்ன விலை. சாகுபடிச் செலவு இவ்வளவு. மழை பொய்க்கும் வருஷத்துக்காக இவ்வளவு தள்ளுபடி. மிஞ்சியதில் ஏறக்குறைய பாதி சர்க்காருக்கு. மண் வயனத்தில் ஒரு எண் கூடினாலும் குறைந்தாலும் ஒரு குடும்பத்தின் குதிரில் அது தெரியும். அந்தக் காலத்தில் மண்ணைத் தரம் பிரிக்க வருகிறவருக்கு ஊரார் ஏன் இளநீர் வெட்டிக் கொடுத்தார்கள் என்பது எனக்கு இப்போதுதான் விளங்குகிறது.

இந்த வகைப்பாட்டை முழுதும் குறை சொல்வது நியாயமாகாது. அந்நாளில் இவ்வளவு பெரிய நாட்டில், வயல் வயலாக மண்ணைக் கையில் எடுத்துப் பார்த்து எழுதியிருக்கிறார்கள். ஐரோப்பாவில்கூட அப்போது மண்ணுக்கென்று ஒரு சாஸ்திரம் பிறக்கவில்லை. ருஷ்யாவின் புல்வெளிக் கறுப்பு மண்ணைப் பற்றி டோக்குசாயெவ் தம் நூலை வெளியிட்டது 1883-இல். மண் என்பது மக்கிப்போன பாறை மட்டும் அல்ல, வெயிலும் மழையும் புல்லும் காலமும் சேர்ந்து ஆக்கிய தனிப் பொருள் என்று அவர் சொன்ன பிறகுதான் மண் சாஸ்திரம் தன் காலில் நின்றது. அதற்கு முன்பே எங்கள் கரிசல் வகுப்பும் ரகமும் வாங்கிவிட்டது. ஆனால் அந்த எண்களில் இல்லாத ஒன்று உண்டு. மண் என்ன செய்கிறது என்பது அதில் இல்லை. எப்போது வெடிக்கும், எத்தனை நாள் ஈரம் தாங்கும், எப்போது பதம் வரும் என்று தீர்வைக் கணக்குக்கு யார் கேட்டார்கள்?

அதைக் கேட்காமல் போனதால் கம்பெனியார் ஒருமுறை கை சுட்டுக்கொண்டார்கள். மான்செஸ்டர் ஆலைகளுக்கு நீண்ட இழைப் பருத்தி வேண்டும். கறுப்பு நிலத்துக்குப் 'பருத்தி மண்' என்று பெயர். ஆகவே அமெரிக்கப் பருத்தியையும் அதில் போட்டால் விளையும் என்று நினைத்து, 1840-இல் அமெரிக்காவிலிருந்து பத்துத் தோட்டக்காரர்களை வரவழைத்தார்கள். சென்னை ராஜதானிக்கு மூன்று பேர். கோயம்புத்தூரில் ராபர்ட் வைட் என்ற தாவர ஆராய்ச்சியாளர் 1842 முதல் பத்து வருஷத்துக்கு மேல் இந்தச் சோதனையை நடத்தினார். பெரிய பலன் இல்லை. நம் நாட்டுச் செடி மழை முடிந்த பிறகு ஆழத்து ஈரத்தை வேரால் தேடிப்போய், வெடிக்கிற மண்ணோடு போராடிக் காய்க்கிற செடி. அந்த வித்தை வந்த செடிக்குத் தெரியவில்லை. பிற்காலத்தில், இந்த நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டின் தொடக்கத்தில், கம்போடியாப் பருத்தி என்று அமெரிக்க இனம் ஒன்று நம் பக்கம் வந்து நிலைத்தது. அது நிலைத்தது செவலில், கிணற்றுப் பாசனத்தில். கரிசலில் கருங்கண்ணியும் உப்பம் பருத்தியும்தான். இரண்டும் கலந்துதான் தூத்துக்குடித் துறைமுகத்தில் 'தின்னவேலி' என்ற வியாபாரப் பெயரோடு கப்பல் ஏறின. 1861 முதல் 1865 வரை அமெரிக்காவில் உள்நாட்டு யுத்தம் நடந்தபோது அந்தத் தின்னவேலிக்கு வந்த விலையைக் கேட்டுக் கரிசல் சம்சாரிகள் கொஞ்ச காலம் தலை கிறுகிறுத்துப் போயிருந்தார்கள். கோவில்பட்டியில் 1901-இல் சர்க்கார் ஆராய்ச்சிப் பண்ணை வைத்ததும் இந்த மண்ணை உத்தேசித்துத்தான்.

பண்ணைகள் வந்த பிறகு ரசாயனக்காரர்கள் வந்தார்கள். கறுப்பு ஏன் கறுப்பு என்பதே அவர்களைப் பிடித்த முதல் கேள்வி. மக்கிய இலைதழைச் சத்து என்று எல்லோரும் நினைத்திருந்தார்கள். நிறுத்துப் பார்த்தால் அந்தச் சத்து பெரும்பாலும் நூற்றுக்கு ஒன்றுகூடத் தேறவில்லை. ருஷ்யக் கறுப்பு மண்ணில் அது பல மடங்கு. நிறத்தில் அண்ணன் தம்பி; சத்தில் ஒருவன் பணக்காரன், ஒருவன் ஏழை. 1910-இல் அன்னெட் என்பவர், டைட்டானியம் கலந்த காந்த இரும்புத் தாதுதான் கறுப்புக்குக் காரணம் என்று எழுதினார். 1912-இல் கோயம்புத்தூர் விவசாயக் கல்லூரியிலிருந்து ஹாரிசனும் எம். ஆர். ராமஸ்வாமி சிவனும் கறுப்புப் பருத்தி மண்ணைப் பற்றிக் கட்டுரை வெளியிட்டார்கள். பிற்கால முடிவு என்னவென்றால், இருக்கிற கொஞ்சச் சத்தே களிமண்ணோடு இறுகப் பிணைந்து துகளுக்குத் துகள் மை பூசியது போல் ஆகிவிடுகிறது என்பதுதான். நல்ல மை கொஞ்சம் போதும் அல்லவா!

ஆனால் நிறத்தைப் பற்றி இத்தனை பேர் மண்டையை உடைத்துக்கொண்டது வீண் என்று பின்னால் ஆயிற்று. 1930-ஐ ஒட்டி எக்ஸ் கதிரை மண்ணுக்குள் செலுத்திப் பார்த்தபோது, களிமண் வெறும் தூள் அல்ல, ஒழுங்கான படிகம் என்று தெரிந்தது. கரிசலில் மிகுந்திருக்கும் களியின் அமைப்பு அப்பளக் கட்டு மாதிரி. ஒவ்வொரு தாளும் கண்ணுக்குத் தெரியாத மெல்லிசு. தாளுக்கும் தாளுக்கும் நடுவில் தண்ணீர் போகும். போனால் கட்டு தடிக்கும். தண்ணீர் போய்விட்டால் கட்டு சுருங்கும். வேறு களிகளில் தாள்கள் ஒன்றையொன்று கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருக்கும். நீர் நுழைய முடியாது. செவலில் உள்ள களி பெரும்பாலும் அந்த ஜாதி. வெடிப்பு, ஒட்டல், பதம், வேர் அறுதல் என்று எங்கள் ஊர்க்காரர்கள் சொல்லும் கரிசல் குணங்கள் எல்லாவற்றுக்கும் இந்த அப்பளக் கட்டு ஒன்றே காரணம். கறுப்பு அதில் தற்செயல். வெடித்துத் திரும்பும் மண் பழுப்பாகவும் இருக்கலாம். கறுத்த மண் வெடிக்காமலும் இருக்கலாம்.

இதற்குள் உலகத்தின் பல மூலைகளிலும் இந்த மண் அகப்பட்டுவிட்டது. மொராக்கோவில் 'டிர்ஸ்' என்றார்கள். சூடானில் இரு நைல் நதிகளுக்கு நடுவிலுள்ள கெஸீரா முழுவதும் இதுதான், அங்கேயும் பருத்தி. டெக்ஸாஸில் கரும் புல்வெளி என்றே ஒரு பிரதேசம் உண்டு; புல்லை உழுது பருத்தி போட்டார்கள்; இன்று அந்தப் பழைய புல்வெளியில் நூற்றுக்கு ஒரு பங்குகூட மிச்சமில்லை. அங்கேயும் வண்டிச் சக்கரத்தில் மண் ஒட்டிய கதைதான். ஆஸ்திரேலியாவில் இந்த மண் உழப்படாத இடங்களில் தரை மேடும் பள்ளமுமாக அலை அலையாக இருக்கும். பள்ளங்களில் மழைநீர் தேங்கும். அங்குள்ள ஆதிக்குடிகளின் சொல் 'கில்காய்'. சிறு நீர்க்குட்டை என்று பொருள். உலகமெங்கும் மண் சாஸ்திரக்காரர்கள் அந்தச் சொல்லையே எடுத்துக்கொண்டார்கள். மண் அடியிலிருந்து தள்ளிக்கொண்டு மேலே வருவதால் உண்டாகும் அலை அது. நம்மூரில் எத்தனையோ தலைமுறைக் கலப்பை அதைச் சமன் செய்துவிட்டது.

ஊருக்கொரு பெயர் இருந்தால் சாஸ்திரம் எப்படி நடக்கும்? 1950-இல் ஓக்ஸ், தார்ப் என்ற இரண்டு அமெரிக்கர்கள் எல்லாவற்றையும் ஒரே கூரையின் கீழ் கொண்டுவர, 'குருமுசால்' என்று பெயர் வைத்தார்கள். லத்தீனில் சிறு குவியல் என்று அர்த்தம்; மேலே கிடக்கும் பொருக்கைப் பார்த்து வைத்த பெயர். அந்தப் பெயர் நீடிக்கவில்லை. கை ஸ்மித் என்பவர் தலைமையில் அமெரிக்க மண் ஆய்வாளர்கள் பழைய பெயர்கள் அத்தனையையும் தூக்கி எறிந்துவிட்டு, கிரேக்க லத்தீன் பண்டிதர்களைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, உலகத்து மண் முழுவதற்கும் புதுப் பெயர் சூட்டினார்கள். 1960-இல் அது வெளிவந்தபோது பத்து வருணங்கள், இப்போது பன்னிரண்டு. மண்ணுக்கும் வருணமா என்று வாசகர்கள் சிரிக்கலாம். அதில் ஒரு வருணம் 'வெர்ட்டிசால்'. லத்தீனில் 'திரும்புதல்' என்ற வினையிலிருந்து ஆக்கியது. திரும்புகிற மண், புரளுகிற மண்.

முதல் தடவையாக, நிறத்தையோ பயிரையோ பாறையையோ பார்க்காமல், மண் என்ன செய்கிறது என்று பார்த்து வைத்த பெயர் இது. லட்சணமும் அப்படியே. நூற்றுக்கு முப்பது பங்காவது களி இருக்க வேண்டும். காய்ந்த காலத்தில் வெடிப்பு விட வேண்டும். ஆரம்பத்தில், 50 செ.மீ. ஆழத்திலும் ஒரு செ.மீ. அகலமாவது வெடிப்பு இருக்க வேண்டும் என்று வைத்திருந்தார்கள். ஆழத்தில், பாளத்தோடு பாளம் உரசி வழுக்கியதால் மெழுகியது போல் பளபளக்கும் சாய்வு முகங்கள் இருக்க வேண்டும். கரிசலில் கிணறு வெட்டினவர்கள் எல்லோரும் இந்தப் பளபளப்பைப் பார்த்திருப்பார்கள். மண்வெட்டி பட்ட பளபளப்பு என்று நினைத்திருப்பார்கள்.

ஆனாலும் ஒட்டிக்கொண்ட நிறம் அவ்வளவு சீக்கிரம் விடவில்லை. வெர்ட்டிசாலுக்குள் உட்பிரிவு செய்யும்போது, கறுத்தது ஒரு பிரிவு, சற்று வெளிறியது ஒரு பிரிவு என்று முக்கிய இடத்தில் நிறத்தை வைத்திருந்தார்கள். 1992-இல் அதையும் கீழே இறக்கிவிட்டார்கள். இப்போதைய கணக்கில் கோவில்பட்டிக் கரிசல் பெரும்பாலும் 'ஹாப்லஸ்டெர்ட்'. வாயில் நுழையாத பெயர்தான். நடுவில் உள்ள 'உஸ்ட்' என்பதற்கு லத்தீனில் எரிந்தது என்று பொருள். வருஷத்தில் பல நாள் வறண்டு கிடக்கும் மண். அந்தப் பிரிவை எப்படித் தீர்மானிக்கிறார்கள் தெரியுமா? வருஷத்தில் மொத்தம் எத்தனை நாள் வெடிப்பு திறந்திருக்கிறது என்று எண்ணிப் பார்த்து! தொண்ணூறு நாளோ அதற்கு மேலோ திறந்திருந்தால் நம்முடைய பிரிவு. அதற்குக் குறைவானால் ஈர நாட்டுப் பிரிவு. ஏறக்குறைய வருஷம் முழுவதும் திறந்தே கிடந்தால் பாலைவனப் பிரிவு.

இதைப் படித்த இடத்தில் நான் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். எனக்கு எங்கள் வீட்டுத் தினசரிக் காலண்டர் ஞாபகத்துக்கு வந்தது.

எங்கள் தகப்பனாருக்கு ஒரு பழக்கம். நாள்தாள் கிழிக்கும்போது சில தாள்களை எறியாமல் பின்பக்கத்தில் பென்சிலால் ஏதோ எழுதி, ஒரு கம்பியில் குத்தி வைப்பார். பால் கணக்கு, கூலிக் கணக்கு என்று நாங்கள் நினைத்திருந்தோம். ஊருக்குப் போய் அந்தக் கம்பியைத் தேடினேன். அண்ணி அதைப் பத்திரமாக வைத்திருந்தார்கள். இருபது வருஷத்துத் தாள்கள். கணக்கும் இருந்தது. ஆனால் வருஷத்துக்கு ஐந்தாறு தாளில் வேறு சங்கதி. 'மேற்கு தென்கோடி வெடி விட்டது.' 'நடுப்பாத்தி வெடி விட்டது.' 'வடக்கே இன்னும் இல்லை.' பிறகு ஒரு தாள்: 'வடக்கும் விட்டது.' புரட்டாசியிலோ ஐப்பசியிலோ இன்னொன்று: 'வெடி மூடியது. பதம் நாலு நாளில்.'

நானும் அண்ணனும் திண்ணையில் உட்கார்ந்து தாள்களை வருஷவாரியாக அடுக்கினோம். ஏறக்குறைய எல்லா வருஷத்திலும் வடபாதி தென்பாதியைவிட மூன்று வாரமாவது பிந்தி வெடித்திருந்தது. "எனக்குத் தெரியும்டா. வடக்கதான் மல்லி நல்லா வரும்" என்றார் அண்ணன். அவருக்குத் தெரிந்திருந்தது, எழுதி வைக்கவில்லை. 'அ' பதிவேட்டில் அந்த நாலு ஏக்கருக்கும் ஒரே வயனம், ஒரே ரகம்.

நியாயத்துக்கு இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். கரிசலைத் 'தானே உழுதுகொள்ளும் மண்' என்று தகப்பனார் சொல்லுவார். மேல் மண் வெடிப்புக்குள் விழுகிறது. மழையில் அடிமண் ஊதி மேலே தள்ளுகிறது. இப்படியே வருஷா வருஷம் புரண்டுகொண்டிருக்கிறது என்பது அவர் எண்ணம். வெர்ட்டிசால் என்று பெயர் வைத்தவர்களின் எண்ணமும் அதுவே. நான் ஆறாம் வகுப்பில் படிக்கும்போது அவருடைய பேனாக்கத்தியை வெடிப்புக்குள் போட்டுவிட்டு அழுதேன். "அழாதடா, ரெண்டு மழை பெய்யட்டும், மண்ணே வெளிய தள்ளிரும்" என்றார். இன்னும் தள்ளவில்லை. காரணம் இருக்கிறது. முழு மண்ணும் புரளுமானால் மேலும் கீழும் ஒரே வயதாக அல்லவா இருக்க வேண்டும்? கரியின் கதிரியக்கத்தைக் கொண்டு வயது பார்த்தபோது, ஆழம் போகப் போக வயது கூடிக்கொண்டே போயிற்று. ஒரு மீட்டர் கீழே ஆயிரக்கணக்கான வருஷம். இஸ்ரேல் நாட்டு யாலோனும் கால்மாரும் 1978-இல் இதைப் பற்றி விரிவாக எழுதினார்கள். மண் அசைவதும் உரசுவதும் சாய்வாக வழுக்குவதும் மெய். வருஷம் ஒரு முறை தலைகீழாகப் புரளுவது கற்பனை. பண்டிதர்களும் எங்கள் தகப்பனாரும் சேர்ந்தே ஏமாந்திருக்கிறார்கள் என்பதில் எனக்கு ஒரு சிறு திருப்தி. பெயர் மட்டும் நின்றுவிட்டது.

வீட்டு மனைப் பேச்சையும் முடித்துவிடுகிறேன். கரிசலில் வீடு நிற்காது என்பதும் பாதிதான் உண்மை. ரூர்க்கியிலுள்ள மத்திய கட்டட ஆராய்ச்சி நிலையம் இதற்கென்றே ஒரு கடைக்கால் முறையை உருவாக்கியிருக்கிறது. ஈரமும் வறட்சியும் எட்டாத ஆழத்துக்குக் குழி துளைத்து, அடியில் குமிழ் போல் அகலப்படுத்திக் கான்கிரீட் தூண் இறக்குவார்கள். மேலே மண் எவ்வளவு ஆடினாலும் தூண் ஆடாது. செலவுதான் கூடுதல். அதனால் எங்கள் ஊரில் யாரும் அதைச் செய்வதில்லை. செவலைத் தேடிப் போகிறார்கள்.

கடைசியில் செவல் ஒருவருக்கு, கரிசல் ஒருவருக்கு என்ற பேச்சையே விட்டுவிட்டோம். செவலைப் பாதி பாதி, கிணறு பொது. கரிசலைத் தென்பாதி, வடபாதி. வடபாதியை அண்ணனே எடுத்துக்கொள்ள வேண்டும், உழுகிறவர் அவர்தானே என்றேன். "அப்பா சீட்டுல உன் பேரு எழுதலை, என் பேரும் எழுதலை" என்று சொல்லிவிட்டார். திருவுளச் சீட்டுப் போட்டோம். அண்ணன் மகள் எடுத்தாள். வடபாதி எனக்கு விழுந்தது. இப்போதும் இரண்டு பாதியையும் அண்ணன்தான் உழுகிறார். தைக்குப் பிறகு ஒரு மூட்டைக் கம்பும், மல்லி வெளைந்தால் மல்லியும் எனக்குப் பஸ்ஸில் வரும். போன மாசி மாதம் மூட்டைக்குள் ஒரு காலண்டர் தாள் கிடந்தது. பின்பக்கத்தில் அண்ணன் கையெழுத்தில், 'தெற்கே வெடி விட்டது' என்று இருந்தது.

உட்பிரிவு செய்து புதுப் பட்டாவும் வந்துவிட்டது. பதிவேட்டில் இரண்டு பாதிக்கும் வயனமும் ரகமும் அதே எண்கள்தான்.